குமுறும் தாய்மார்கள்

மணி பத்தாக இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் மைதிலி வந்து இந்த வண்டியில் ஏறினால் உண்டு, இல்லையென்றால் அவள் மாமனாருடைய டீசல் காரில் ஏறிவிடுவாள், தாரணி தன்னுடைய மின்சாரக் காரை வெறும் வண்டியாக எழுபது கிலோமீட்டர் அதன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான், சந்தையில் சரக்கு விற்காமல் திரும்புகிறவள் மாதிரி. ஆகட்டும், பார்க்கலாம் என்று சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டாள். பின்சீட்டில் அவள் மகள் நறுமுகை, மூன்றரை வயசு, வாயோரம் ஜிலேபிப் பாகு காய்ந்து ஒட்டியிருக்க, ஒரு கால் சீட்டிலும் ஒரு கால் அந்தரத்திலுமாகத் தூங்கினாள். குழந்தையைத் தூங்க வைக்கிறேன் என்று சொல்லித்தான் தாரணி வெளியே வந்தது. குழந்தை வந்த உடனே தூங்கிவிட்டது, இவள்தான் திரும்பிப் போகவில்லை. உள்ளே கூடத்தில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து, நிறைமாசக்காரியை எந்த வண்டியில் அனுப்புவது என்று பேசிக்கொண்டிருக்கும்போது, வண்டிக்காரியே நடுவில் போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும். மைதிலி அவள் புருஷனுடைய தங்கச்சி. வெள்ளகோவில் பக்கம் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு ரெண்டு வருஷம், இப்போது ஒன்பதாம் மாசம். இன்றைக்குக் கட்டுச்சோத்து விருந்து, அதாவது தாய்வீட்டுக்காரர்கள் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊட்டிவிட்டுக் கையோடு அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போகிற நாள். நம்பியூரிலிருந்து ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வேனில் வந்தார்கள், தாரணியும் வீட்டுக்காரர் லோகநாதனும் குழந்தையும் இதில் வந்தார்கள், புளிச்சோறும் எள்ளுச்சோறும் இதே டிக்கியில்தான் வந்தன, அதைத் தின்னும்போது ஒருத்தருக்கும் பயம் வரவில்லை. இலையை மடிச்சுப் போட்டு வெத்தலையை வாயில் வைத்த பிறகுதான் வந்தது.

வீட்டு ஜன்னல் வழியாக வயலின் கேட்டது. ஆச்சு, அந்த டிவி வீடியோவை மறுபடியும் போனில் போட்டுவிட்டார்கள். தாரணிக்கு அந்த வயலின் மனப்பாடம், நாலு இழுப்பு இழுக்கும், அஞ்சாவது இழுப்பில் அவள் குரல் வரும். வந்தது. "பயமா இருந்துச்சுங்க. கொழந்தைய வெச்சுக்கிட்டு ஓட்டறமேன்னு." அதற்குமேல் ஒன்றும் இல்லை, பதினோரு வினாடி, மறுபடி வயலின், மறுபடி எரிகிற கார். பயமா இருந்துச்சுங்க. அவள் சொன்னதுதான், இல்லை என்று சொல்ல முடியாது, அவள் வாய், அவள் மாம்பழக் கலர் சேலை, அவள் மூக்குத்தி. அவிநாசி பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் போட்டுவிட்டு நறுமுகைக்கு இட்லி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மைக்கோடு ஒரு தம்பி வந்தான், பாவம் வெயிலில் கறுத்துப்போன முகம், அக்கா அக்கா ரெண்டே நிமிஷம் என்றான், இவள் இட்லிக் கையைக் கழுவிவிட்டு வந்து ஆறு நிமிஷம் பேசினாள். என்ன சொன்னாள்? "வாங்கின புதுசுல மொத ரெண்டு நாளு பயமா இருந்துச்சுங்க, கொழந்தைய வெச்சுக்கிட்டு ஓட்டறமேன்னு. மூணாம் நாளு அது போச்சு, இப்பப் பதினாலு மாசமாச்சு, என்ற வூட்டுக்காரரு கேட்டாக்கூட நான் சாவி குடுக்கறதில்லீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு. மீன்கடையில் தலையையும் வாலையும் அரிந்து தள்ளிவிட்டு நடுத்துண்டை மட்டும் தராசில் வைப்பார்களே, அப்படி வைத்துவிட்டார்கள். சிரித்தபோது வெயிலுக்குக் கண்ணை இடுக்கினாளே, அங்கே படத்தை நிறுத்தி, பார்த்தால் அழுகிற மாதிரியே இருந்தது, கீழே சிவப்பில் பட்டை ஓடியது: "கொழுந்துவிட்டு எரியும் கார்கள், குமுறும் தாய்மார்கள்!" தாய்மார்கள் என்றால் இன்னும் ரெண்டு பேராவது வேண்டாமா. எத்தனை தடவை பார்த்தாலும் அதில் குமுறுகிறவள் இவள் ஒருத்திதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, குழந்தை முழித்துக்கொள்ளும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் ஓயவில்லை. டிவியில் வந்துட்டியாமே என்று எல்லாருக்கும் பெருமை, என்ன பேசினாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, சேலை எங்கே எடுத்தது என்றுதான் கேட்டார்கள். இவளும் ஈரோட்டில் எடுத்தது, ஆடித் தள்ளுபடி என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவளும் இன்னும் பார்த்திருக்கவில்லை. எட்டரை மணிக்குத்தான் பார்த்தாள். மனசு தரையில் விழுந்த பாத்திரம் மாதிரி ஆனது. லோகநாதன்தான் தோளைத் தட்டி, விடு அம்மிணி, நாளைக்கு வேற ஒருத்தியக் குமுற வெச்சிருவாங்க என்றார். அவருக்குச் சொல்ல எளிது, அவருக்கு மோட்டார் கட்டுகிற தொழில், நம்பியூரில் எந்தக் கிணற்றில் எந்த போர்வெல் மோட்டார் புகைந்தாலும் செப்புக்கம்பியைப் பிரித்து மறுபடி சுற்றிக் கொடுக்கிறவர், கரண்ட் அவருக்குப் பழகின நாய்க்குட்டி. தோட்டங்காட்டு ஜனம் நாம, முந்நூறு அடி பள்ளத்துல தண்ணிக்குள்ளயே மோட்டாரை இறக்கி வெச்சுட்டு அதுக்குப் பக்கத்துலயே நின்னு குளிக்கறோம், இதுக்கா பயம் என்பார். நியாயந்தான். ஆனாலும் கார் எரிந்தது நிஜம். போன மாசம் ஒரு ஊரில் ஒரு மின்சாரக் கார் எரிந்தது, நாலு நாள் அதையே காட்டினார்கள், ஒரே கார் நாற்பது தடவை எரிந்து நாற்பது கார் மாதிரி ஆயிற்று. பத்து நாள் கழித்து, பாட்டுப்பெட்டி மாட்டுகிறேன் என்று எவனோ வயரை வெட்டி ஒட்டினதுதான் காரணம் என்று பேப்பரில் ஏழாம் பக்கம், கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே, நாலு வரி வந்தது. அதே வாரம் ஒரு வேனும் எரிந்தது. அதற்கு வேன் எரிந்தது என்று மட்டும் போட்டார்கள், டீசல் வேன் என்று போடவில்லை. இவள் வண்டிக்கு மட்டும் ஜாதி கேட்கிறார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து மைதிலியின் மாமனார் அர்த்தநாரி வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் டயர் செருப்பு. வண்டியை ஒரு சுற்று சுற்றினார். காங்கேயம் மாட்டுச்சந்தையில் காளைக்குச் சுழி பார்க்கிறவர் எப்படிச் சுற்றுவாரோ அப்படி, முன்னால் நின்று முகம் பார்த்தார், பக்கவாட்டில் நின்று முதுகு பார்த்தார், குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சி மோந்தும் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்க்காத குறைதான். தாரணி கண்ணாடியை இறக்கி, "வாங்க பெரியப்பா, சித்தே உக்காந்து பாருங்க, ஏசி போட்டிருக்கு" என்றாள். அவர் நெருப்பைத் தொட்டவர் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டு, "இருக்கட்டுங் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் திரும்பி வந்தார், கையில் ஒரு சிமெண்டுச் சாக்கு, அதில் மணல், இன்னொரு கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைத்த கோணிப்பை. "ஒண்ணும் ஆகாது, சும்மா டிக்கியில கெடக்கட்டும்" என்றார். சிரிக்கக் கூடாது, சிரிக்கவே கூடாது என்று உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு டிக்கியைத் திறந்துவிட்டாள். எள்ளுச்சோத்து அண்டாவுக்குப் பக்கத்தில் ஈரக் கோணி உட்கார்ந்தது. அப்படியானால் முடிவு பண்ணிவிட்டார்களா? இல்லை. "இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நல்ல மனுஷன். அவர் போனைத் திறந்தால் தினம் ஒரு கார் எரிகிறது, அவர் என்ன செய்வார். தாரணி போனில் ஒரு கார்கூட எரிவதில்லை. அவள் போனில் வருகிறவன் எல்லாம் ஒரு தடவை சார்ஜ் போட்டால் நானூற்றம்பது கிலோமீட்டர் என்று சத்தியம் பண்ணுகிறவன். முந்நூறுதான் போகிறது, ஏசி போட்டால் இன்னும் இருபது குறைவு, அவனிடம் யார் போய்க் கேட்பது. ஒருநாள் ஒன்றைப் பார்த்துத் தொலைத்தால் மறுநாள் பத்தாகக் கொண்டுவந்து கொட்டுகிறது அந்தப் போன், ஒரே மனசுக்காரர்களாகப் பார்த்துப் பந்தியில் உட்கார வைக்கிற மாதிரி. அர்த்தநாரிக்கு ஒரு பந்தி, இவளுக்கு ஒரு பந்தி.

பத்து அஞ்சு. திரையில் எழுபத்தெட்டு சதவீதம். நம்பியூருக்குப் போக இருபத்தஞ்சு போதும், அதைப் பற்றிக் கவலை இல்லை. கவலை மைதிலியைப் பற்றித்தான். மூணாம் மாசத்திலேயே அவள் போனில் அழுதாள், அண்ணி, மாமா கார்ல டீசல் நாத்தம், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரதுக்குள்ள ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன், பிரசவத்துக்குக் கூப்புட வரப்ப உங்க வண்டி கொண்டாங்க என்று. கொண்டாறேன் சாமி என்று இவள் வாக்குக் கொடுத்தாள். டீசல் நாற்றம் இவளுக்கும் தெரியும். நறுமுகை வயிற்றில் இருந்தபோது இவளைக் கூட்டிப்போனது ஒரு வாடகைக் கார், சீட்டுக்கடியில் ஏதோ கடகடவென்று தெறித்துக்கொண்டே வந்தது, குடலும் அதோடு சேர்ந்து தெறித்தது, ஊத்துக்குளி ரயில்கேட்டில் இறங்கி எடுத்த வாந்தியில் ஏழு வகைச் சோறும் தனித்தனியாக வந்தன, கேட்காரர் வீட்டம்மா ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டாள், யாரென்றே தெரியாது, கையில் தாழம்பூ வாசம். அந்தக் கை இப்போதும் நெற்றியில் இருக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். நறுமுகை மூச்சு விட்டாள், உதடு லேசாகத் திறந்து மூடியது, அவள் படுத்திருக்கிற சீட்டுக்குக் கீழே, தரைத்தகட்டுக்குக் கீழே, அந்தப் பேட்டரி, அகலமாக, வாயை மூடிக்கொண்டு. சட்டென்று ஏதோ வாசம். தாரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கருகலா? மூக்கை உறிஞ்சினாள். பயமா இருந்துச்சுங்க, கதவைத் திறக்கவா, குழந்தையைத் தூக்கவா, கை அதற்குள் குழந்தையின் கால்மேல் போய்விட்டது. அப்புறம் தன் விரலை மோந்து பார்த்தாள். பெருங்காயம். காலையில் புளிச்சோத்துக்குத் தாளித்தது, கொஞ்சம் தீய்ந்துபோனது, ரெண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. அடச்சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பார், பதினாலு மாசம் ஓட்டினவளுக்கே அந்த வயலின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இழுக்கிறது, இத்தனைக்கும் அறுத்துப் போட்ட தலையும் வாலும் அவளிடம்தான் இருக்கின்றன. உள்ளே இருக்கிறவர்களிடம் நடுத்துண்டுதானே இருக்கிறது.

ஆனால் அந்த மைக் தம்பி கடைசியில் ஒன்று கேட்டான், அது எங்கேயோ முள் மாதிரி நிற்கிறது. அக்கா, வழியில எப்பவாச்சும் சிரமப்பட்டிருக்கீங்களா? "ஒண்ணுமே இல்லீங்க தம்பி" என்றாள் இவள், பட்டென்று. ஒன்றுமே இல்லையா. தாராபுரம் ரோட்டில் போன வருஷம் பங்குனியில் என்ன நடந்தது. சார்ஜ் போடுகிற இடம் வேலை செய்கிறது என்று போன் சொன்னது, போனால் பூட்டுத் தொங்கியது, திரையில் ஆறு சதவீதம், சிவப்பாக. குழந்தை தண்ணி கேட்டு அழுதது. இவள் உருட்டாத குறையாக ஒரு ரைஸ்மில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் பிளக்கில் மூணு மணி நேரம் மாட்டி வைத்து, தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து வந்தாள். லோகநாதனிடம் மட்டும் சொன்னாள், அதுவும் அவர் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு, வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று. அதை டிவியில் சொல்லவில்லை, மைதிலியிடம் சொல்லவில்லை, மாமியாரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் அதை மட்டும் பிடித்துக்கொள்வார்களே என்று. ஆக அவர்கள் கையில் ஒரு கத்தரிக்கோல் என்றால் இவள் முந்தானையிலும் ஒன்று இருக்கிறது, சின்னது, மடக்கி வைத்தது. இந்த நினைப்பு வந்ததும் தாரணிக்கு மைக் பிடித்த தம்பிமேல் இருந்த கோபம் பாதி வடிந்து, மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டாள்.

கண்ணாடியில் தட்டும் சத்தம். மைதிலியின் மாமியார் வசந்தாமணி நின்றாள். பட்டுச்சேலை, கண்ணாடி மூக்கு நுனியில், கையில் போன். அந்த வயலினை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே இவள்தான். தாரணி அவசரமாக இறங்கினாள்.

"ஏங் கண்ணு, உன்னையொண்ணு கேக்கோணும். மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்க பெரியம்மா."

"நெசமாலுமே பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. மொத ரெண்டு நாளு. அப்பறம் இல்லீங்க. அதையும் சொன்னனுங்க, அதை வெட்டிப்போட்டாங்க."

வசந்தாமணி அவளையே பார்த்தாள். மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு தடவையும் மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு போனவள் இவள்தான் என்பது தாரணிக்கு ஞாபகம் வந்தது, மைதிலி சொல்லியிருக்கிறாள். கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. இந்தப் பொம்பளை என்னை மட்டம் தட்டவா படத்தைப் போட்டாள், இவளுக்குப் பயம், அவ்வளவுதான். சொல்லவா? சொன்னால் வண்டி காலியாகத்தான் போகும். வாய் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. "பெரியம்மா, ஒரே ஒரு நாளு வழியில நின்னுட்டனுங்க." பூட்டு, ஆறு சதவீதம், ரைஸ்மில், தவிட்டு மூட்டை, எல்லாவற்றையும் சொன்னாள். "அன்னைக்கி என்ற தப்புதானுங்க, போனை நம்பிட்டேன். இப்பெல்லாம் பாதி இருக்கறப்பவே எடம் பாத்துருவேன். எரியாதுன்னு சத்தியம் பண்ணித் தரமாட்டேன், எந்த வண்டிக்கும் யாரு தரமுடியும். என்ற கொழந்தைய இதுலதான் படுக்க வெச்சிருக்கறேன், பாருங்க."

வசந்தாமணி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தொங்கின காலைத் தூக்கிச் சீட்டில் வைத்தாள்.

"மூணு மணி நேரமா? மில்லுல குடிக்கக் கிடிக்க ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"மோர் குடுத்தாங்க."

"உப்புப் போட்டா?"

"போட்டுத்தானுங்க."

"ம்" என்றாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். போச்சு, கெட்டது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாயா நீ என்று தாரணி தன் தொடையிலேயே கிள்ளிக்கொண்டாள். ஆனால் விநோதம், மனசு கனக்கவில்லை, மாறாகக் காதில் போட்டிருந்த கனத்த ஜிமிக்கியைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. பானட்மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து தன் நிழலையே கொத்தியது. ஜன்னலில் வசந்தாமணியின் குரல், ஊருக்கே கேட்கிற குரல், "ஏனுங், எரியற வண்டி வெச்சிருக்கறவ எல்லாம் ஒண்ணுமே ஆகாதுன்னுதான் சொல்லுவா. இவ நடுரோட்டுல நின்ன கதைய அவளே வந்து சொல்றா. நீங்க அந்தப் போனை மூடி வெய்யிங்க மொதல்ல." அர்த்தநாரி ஏதோ முனகினார். தாரணியின் மாமியார் ஏதோ சொன்னாள். லோகநாதன் சிரித்தார், அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அப்புறம் மைதிலியின் குரல், பொறுமை போன குரல், "நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு இங்கயே பொறந்துரும், அத்தை, நான் அண்ணி வண்டியிலதான் போறேன், எனக்குக் காலை நீட்டோணும்."

வந்தாள். கைநிறைய வளையல், கன்னத்தில் சந்தனம், முன்னால் வயிறு, பின்னால் ஊரே. வாசப்படி தாண்டி, வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல், போறேன் என்று சொல்லாமல், நேராக வந்து முன்சீட்டில் பொத்தென்று உட்கார்ந்து காலை நீட்டி, "அப்பாடி" என்றாள். தாரணிக்குக் கண் கரித்தது, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கி மாட்டிவிடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். சேலைக்குள்ளிருந்து ஒரு உதை, பெல்ட்டுக்கு நேராக, இவள் விரலுக்கு. பத்து பதினெட்டு. அந்நேரம் பின்கதவு திறந்தது. வசந்தாமணி. அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டிருந்தாள், கக்கத்தில் மணிபர்ஸ், கையில் வழக்கமான அந்தப் பிளாஸ்டிக் பை. தூங்குகிற குழந்தையின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாசலில் நின்ற ஜனம் வாயைப் பிளந்தது. கட்டுச்சோத்தன்றைக்கு மருமகளோடு மாமியாரும் கிளம்பிப் போவதை அந்த ஊர் பார்த்ததில்லை.

"ஏய், நீ எங்க போற?" என்றார் அர்த்தநாரி.

"எனக்குத் தெரியும். நீங்க பின்னால உங்க வண்டியில வாங்க. பொழுதோட ரெண்டு பேரும் ஒட்டுக்காத் திரும்பி வந்தரலாம்."

"வழக்கமில்லையே?"

"மொதமொத பேரம்பேத்தி வரப்போகுது, அதுக்கும் வழக்கம் தெரியாது. கதவச் சாத்துங்க." பிறகு கண்ணை இறுக்க மூடி, குழந்தையின் தலைமேல் ஒரு கை, முன்சீட்டில் இருக்கிற மருமகளின் தோள்மேல் ஒரு கை வைத்து, "செல்லாண்டியம்மா, தாயி, எம்புள்ளைகளக் காப்பாத்து" என்று உதட்டுக்குள் ஆரம்பித்தாள்.

தாரணி காலை மெல்ல அழுத்தினாள். உறுமல் இல்லை, குலுக்கல் இல்லை, வாசல் வேப்பமரம் பின்னால் போயிற்று. கையசைக்கிற ஜனம் போயிற்று, லோகநாதன் வேனில் தொற்றிக்கொண்டு சைகையில் என்னவோ சொன்னார், அவரும் போனார், போன மாசம் போட்ட காங்கிரீட் சந்து வழவழவென்று முடிந்து, வாய்க்கால் பாலம், தென்னந்தோப்பு, அரிசிக்கடை, மெயின் ரோடு. மைதிலி ஜன்னலை இறக்கவில்லை, எலுமிச்சம்பழம் கேட்கவில்லை, வாந்தி வரவில்லை, ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தாள். ஓடும் பனைமரங்களை எண்ணுகிறாள் போல. தாரணி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வசந்தாமணி அதே மாதிரி, கண் மூடி, உதடு அசைய, முகம் வேர்த்து. ஒரு மைல் ஆயிருக்கும். திரையில் ஐம்பத்திரண்டு என்று வேகம் காட்டியது. சாமி பேரெல்லாம் முடிந்துபோயிற்றோ என்னவோ, உதடு நின்றது. கண்ணைத் திறக்காமலே கோபமாகக் கேட்டாள்.

"ஏங் கண்ணு, ராகுகாலம் பொறக்கப்போகுது, இன்னும் எத்தன நேரம் வாசல்லயே நிறுத்தி வெச்சிருப்ப? எடு வண்டிய."

மைதிலி வாயைப் பொத்திக்கொண்டாள், வயிறு குலுங்கியது. தாரணி அவளைப் பார்க்கவே இல்லை, பார்த்தால் தீர்ந்தது. குரலை எவ்வளவு அடக்கமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு அடக்கமாக வைத்துக்கொண்டு, "இதோ எடுத்தறனுங்க பெரியம்மா" என்றாள், காங்கேயம் இருபது கிலோமீட்டர் என்று போட்டிருந்த கல்லைத் தாண்டி.